என்னிடம் ஓடுகிறது

சாஸ்கட்டூனில் பிப்ரவரி. காலை ஏழு மணி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
தரிப்பிடத்தில் கார்கள்
மூக்கிலிருந்து வயர் தொங்க,
கம்பத்தில் கட்டிய மாடுகள் மாதிரி
மின்சாரம் மென்றுகொண்டிருக்கின்றன.

உள்ளே நான்
இருநூற்றுப் பன்னிரண்டு சோதனைகளை ஓட்டுகிறேன்.
இருநூற்றுப் பன்னிரண்டும் பச்சை.

ஒலெனாவிடம் ஒன்று சிவப்பு.
மேக்பை என்று பறவைப் பெயர் வைத்திருக்கும்
மூலைக் கணினியில் மூன்று சிவப்பு,
சில புதன்கிழமைகளில் மட்டும் நான்கு.

"என்னிடம் ஓடுகிறதே" என்றேன்.
இந்தத் தொழிலில் இதைவிடப் பழைய பொய் கிடையாது.
பொய்யும் இல்லை, அதுதான் தொல்லை.

கேட்ட கேள்வி ரொம்பச் சின்னது.
உன் வீட்டு எண் என்ன என்று
கணினியிடம், அதன் வீட்டுக்குள்ளேயே நின்று.
என்னுடையது
127.0.0.1 என்று
நான்கு அறைகளையும் எண்ணிச் சொல்கிறது.
அவளுடையது
ஏழு சுழியங்களை விழுங்கிவிட்டு
::1 என்று
கடைசி ஒன்றை மட்டும் துப்புகிறது.
மேக்பையோ
அப்படி இங்கே யாரும் இல்லை என்கிறது.
மூன்றுமே உண்மை பேசுகின்றன.

இன்னொரு இடத்தில் பிழை என்னுடையது.
எண்கள் நேர்வரிசையில் நிற்கட்டுமே என்று,
வெறும் அழகுக்கு,
பத்துக்கு முன்னால் ஒரு சுழியம் வைத்திருந்தேன்.
என் கணினி பத்து என்றே படித்தது.
மேக்பை எட்டு என்று படித்தது.
முன்னால் சுழியம் நின்றால்
எட்டெட்டாய் எண்ணுகிற பழங்கால வழக்கம் அதற்கு.
மூன்று வாரம்
நான் திட்டிக்கொண்டிருந்தது எட்டாம் வீட்டுக்காரரை.

சரி, புதன்கிழமை?
செவ்வாய் இரவுகளில் டெல்மர் எல்லாவற்றையும் அணைத்து எழுப்புவார்.
எழும் வரிசை சில நாள் மாறிப்போகும்.
முதல் முகவரி யாருடையது என்று கேட்டால்
முதலில் கண்விழித்தவர் கைதூக்குகிறார்.

பீட்ரூட் சூப்பைச் சூடாக்கியபடி
ஒலெனா சொன்னாள்:
"நீ நம் நிரலைச் சோதிக்கவே இல்லை.
உன் மேசையைத்தான் சோதித்திருக்கிறாய்."

அப்புறம் ஒவ்வொன்றாக
உலகத்தின் வாயை அடைத்தோம்.
பெயரைக் கேட்டால் சொல்ல வேண்டிய பதிலை
நாங்களே எழுதிக் கொடுத்தோம்.
வரிசையை அடுக்கிக் கொடுத்தோம்.
அந்தச் சுழியத்தைப் பிடுங்கி எறிந்தோம்.
குடியிருக்க 192.0.2 என்றொரு தெரு:
எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கிவைத்தது,
எவருக்கும் வாடகைக்கு விடமாட்டார்கள்.
தபால் வராது. பனி அள்ள வேண்டாம்.
ஒவ்வொரு வாசலிலும்
நான் நிறுத்திய ஆள்,
நான் சொல்லிக்கொடுத்த சொல்.

அடுத்த புதன்.
மூன்று கணினியிலும் பச்சை.
டெல்மர்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சந்தோஷம்தான்.
ஆனால் கேள்வியும் நான், பதிலும் நான் என்றால்
நடுவில் அந்தப் பச்சைக்கு என்ன வேலை?
ஒலெனாவும் அதையே யோசித்திருக்க வேண்டும்.
பேசாமல் வந்து
ஒரே ஒரு சோதனையைத் தனியே எடுத்துவைத்தாள்.
பெயர்: 'வெளியே'.
இரவு இரண்டு மணிக்கு அது மட்டும் கிளம்பும்,
உண்மையான கதவுகளைத் தட்டும்.
தோற்கலாம். தோற்க அதற்கு அனுமதி உண்டு.
யாரையும் எழுப்பாது,
காலையில் காபியோடு படித்துக்கொள்வோம்.

ஐந்தரைக்கு இறங்கினோம்.
ஒரே கம்பம். ஒரே நீள வயர்.
ஒரே வருடத்து ஒரே கார், அவளுடையது நீலம்.
சாவியைத் திருப்பினேன்.
ஒரு செருமல்.
மறுபடி திருப்பினேன், அதுவும் இல்லை.

பக்கத்துக் காரில்
கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி,
வாயில் ஆவி பறக்க,
சிரிக்காமல் சொன்னாள்:
"என்னிடம் ஓடுகிறது."